சுக்குப் போட்ட சுழியம்

காக்கை இந்த வருஷமும் சோற்றைத் தொடவில்லை.

கொல்லைச் சுவர்மேல் வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை. நீலாவதி “கா... கா...” என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வடகம் காயவைத்தால் அழையா விருந்தாளியாக வந்து நிற்கும் காக்கை, இன்று ஓட்டு முனையில் உட்கார்ந்து இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ராஜகிரி மலைப் பக்கம் பறந்துபோனது.

“மூணு வருசமா இதே கதைதான் ராஜம்மாக்கா. அவங்க என்ன மன்னிக்கவே இல்ல,” என்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம்.

செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சம்பந்தத்துக்கு நீலாவதி இரண்டாம் தாரம். முதல் தாரம் உண்ணாமலை, அவர் சேலத்தில் கடை வைத்திருந்த காலத்தில் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். சுமங்கலியாகப் போனவளுக்குப் போகியன்று பூவாடைக்காரி என்று புதுப்புடவை வைத்துப் படைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நீலாவதிதான் அதைப் பிடிவாதமாகத் தொடங்கினாள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதில்லை, கூட நிற்பதும் இல்லை. படையல் நேரத்துக்கென்று அவருக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அரிசிக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற வருஷம் அது. ஆனாலும் நீலாவதி விடியலிலேயே தலைக்குக் குளித்து, உப்புக்கூட ருசி பார்க்காமல், பரங்கிக்காய்க் கூட்டு, மொச்சைக் குழம்பு, வடை, போளி, பாயசம் என்று எதிலும் குறை வைக்காமல் சமைத்திருந்தாள். சுழியத்துப் பூரணத்தில் மட்டும் ஏலக்காய்க்குப் பதில் சுக்கு. உண்ணாமலைக்கு ஏலக்காய் ஆகாது என்று சம்பந்தம் எப்போதோ வாய்தவறிச் சொன்னதை மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

எல்லாம் செய்தும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. “மொத சம்சாரம் தவறிட்டா, புள்ளகுட்டி இல்ல” என்று தரகர் வந்து சொன்ன அன்று, முப்பதை எட்டிக்கொண்டிருந்த நீலாவதி அடுப்படியில் நின்று கேட்டாள். அப்பாடா என்றிருந்தது. ஒருத்தி செத்ததில் சந்தோஷப்பட்ட அந்த ஒரு நிமிஷம் இன்றுவரை அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கரு தங்காமல் போனதும் அந்தப் பாவத்தால்தான் என்று நம்பினாள். இப்போது வயிற்றில் மூன்றாவது, நாலு மாதம்.

“காக்கா எடுக்கலன்னா இன்னா, ஒரு சுமங்கலிய உக்கார வச்சி எல போட்டு, அந்தப் புடவைய குடு. இவ வயிறு நெறஞ்சா அவ மனசு குளுரும்,” என்றாள் ராஜம்மாள். அவளையே கூப்பிடலாம் என்றால், அவள் புருஷன் போய் ஐந்து வருஷம் ஆகிறது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

“பாத்திரக் கடைக்காரரு வூடு இதுங்களா?”

“ஆமாக்கா. அவரு கடைக்குப் போயிருக்காரு.” அண்டா ஒழுகுகிறது, குடம் நசுங்கிவிட்டது என்று வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் துணிப்பை, முகமெல்லாம் பஸ் புழுதி, கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். கயிறும் குங்குமமும் கண்ணில் பட்ட பிறகு நீலாவதி வேறு எதையும் பார்க்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க. உள்ள வந்து ஒரு வாய் சாப்புடுங்க, எனக்காக.”

“நான் அவரப் பாத்துப்போட்டு...”

“அவரு வந்துடுவாரு. மொதல்ல கைகால் கழுவிட்டு உக்காருங்க.”

பசிதான் போலிருக்கிறது, அவள் மறுக்காமல் உட்கார்ந்தாள். பக்கத்தில் தாம்பாளத்தில் படையல் புடவையை வைத்துவிட்டு நீலாவதி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். சுழியத்தைக் கடித்ததும் வந்தவளின் கை நின்றுவிட்டது.

“சுக்குப் போட்டிருக்குதுங்களா?”

“ஆமாக்கா. அவங்களுக்கு ஏலக்கா ஆவாதாம்.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரம், உண்ணாமலைன்னு பேரு. செத்து எட்டு வருசம் ஆவுது. இது அவங்களுக்கு வச்ச படையல்தான்.”

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்ல எளிதாக இருந்தது. தரகர் வந்த நாள், அப்பாடா என்றிருந்தது, தங்காமல் போன இரண்டு, பறந்துபோன காக்கை எல்லாவற்றையும் நீலாவதி அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். “அவங்களா நெனச்சி உங்களக் கேக்கறேன். இதாவது தங்கணும்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

வந்தவள் கையில் இருந்த மீதிச் சுழியத்தையும் தின்று முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, படையலில் இருந்த குங்குமத்தை எடுத்து நீலாவதியின் நெற்றியில் வைத்தாள்.

“அழுவாத. நல்லபடியாப் பெத்துக்குவ. அவளுக்கு உம்மேல ஒரு கோவமும் இல்ல.”

“அது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

அவள் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உண்ணாமலை நான்தான் கண்ணு.”