கிராணியை நோக்கி ஐந்து அம்புகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மலாயாவில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியைக் கொல்ல நடந்த மாபெரும் சதி, அதே பெரிய கிராணியின் கூர்மையான அறிவினால் முறியடிக்கப்பட்டுவிட்டது. அறிவித்தவரும் பெரிய கிராணி கணேசலிங்கம்தான். மூன்று நாளாக ஆபீஸில் அவர் வேறு எதையும் அறிவிக்கவில்லை.

தடயம் ஒரு காகிதம். பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று முள்வேலி வாசலில் காவலர்கள் மடியைத் தடவிப் பார்த்தபோது, அங்கமுத்துவின் சட்டையிலிருந்து அது விழுந்தது.

காகிதத்தில் ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு வட்டங்கள். ஒரு வட்டத்துக்குள் மட்டும் 'கி' என்ற எழுத்து. மற்ற ஐந்திலிருந்தும் அம்புக்குறிகள் அதை நோக்கியே பாய்ந்தன. படத்துக்குப் படம் 'கி' இடம் மாறியிருந்தது.

"ஆபீஸ், ஸ்டோர், ஆஸ்பத்திரி, துரை பங்களா, கோயில், என்ர வீடு," என்று அன்றே போலீசுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினார் கணேசலிங்கம். "நான் நாளாந்தம் போற ஆறு இடம். எங்க வச்சும் அஞ்சு பேர் வளைக்கப் போறாங்கள்."

இன்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். வாசலில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த அங்கமுத்துவின் மனைவி முனியம்மா, அவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்கன்னு லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாமே. அவரு பொறந்ததே இங்கதானுங்க. அங்க எங்களுக்கு யாரு இருக்கா?"

ஆபீஸ் பேச்சு லயம்வரை வந்திருக்கவில்லை; பிடித்துக் கொடுத்ததே அவர்தான் என்று அவளுக்குத் தெரியாது. "சரி, சரி," என்றார் கணேசலிங்கம். அந்தச் 'சரி' அவர் காதுக்கே எட்டவில்லை.

உள்ளே அங்கமுத்து மூன்று நாள் அழுக்குச் சட்டையோடு நின்றான். கணேசலிங்கம் தலைமை தாங்கி ஆடும் தோட்டத்துக் கைப்பந்துக் குழுவில் அவன்தான் முதல் அடிகாரன். ஒன்பது பேர் நின்ற இடத்திலேயே நின்று ஆடிய தோட்டத்துக்கு, ஆறு பேர் இடம் மாறி மாறி ஆடும் புது முறையை இங்கிலீஷ் புத்தகம் பார்த்துக் கொண்டுவந்தவர் அவர். அன்றிலிருந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த நன்றிகூடவா இல்லை என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

"சொல்லுலா அங்கமுத்து," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சேகரன். "நாளைக்கு உன்னை மலாக்கா பெரிய ஆபீசுக்கு அனுப்பிட்டா அப்புறம் என் கையில ஒன்னும் இல்ல. இது என்னா படம்?"

"ஐயாவ வெளிய இருக்கச் சொல்லுங்க சார். சொல்லிர்றேன்."

"பாத்தீங்களோ," கணேசலிங்கம் எழுந்தே விட்டார். "என்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. டேய், 'கி' எண்டா ஆர்?"

"நீங்கதாங்கய்யா."

சேகரன் பேனாவைத் திறந்தார். "மத்த அஞ்சு பேரு?"

"நம்ம டீமு ஆளுங்க சார்."

பேனா பாதியில் நின்றது. சேகரன் காகிதத்தைத் திருப்பிவைத்து, 'கி'யை விரலால் படம் படமாகத் தொடர்ந்தார். "ஒவ்வொரு எடமா சுத்தி வருதே. கைப்பந்தா இது?"

அங்கமுத்து தலையாட்டினான்.

கணேசலிங்கத்தின் காது மடல் சுட்டது. தான் கொண்டுவந்த ஆட்டத்தை மூன்று நாள் தன் கையிலேயே வைத்துக்கொண்டு தனக்கே அடையாளம் தெரியவில்லை. வெளியே தூக்குவாளியின் மூடி சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் பாதியாகியிருந்தது. "ஊரை விட்டே அனுப்பப் போறாங்கள் எண்டு தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

அங்கமுத்து குற்றம் செய்தவனைப்போலத் தரையைப் பார்த்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கணேசலிங்கத்தால் முடியவில்லை. "கைப்பந்து எண்டால், நான் எங்க நிண்டாலும் நீங்கள் அஞ்சு பேரும் ஏன் என்னட்ட ஓடி வாறீங்கள்?"

"பந்து ஐயா கையில பட்டுறக் கூடாதுன்னுதாங்க."