எதிர் நாற்காலி

மேசைக்கு இந்தப் பக்கம், நாற்காலி நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுழன்றும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இதுவரைக்கும் எத்தனை வேலை பார்த்திருக்கீங்க?" என்று கேட்டார், எதிரே சுழல் நாற்காலியில் இருந்த அம்மாள்.

"எட்டு மேடம்."

"எட்டா!"

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஐம்பது வயதில் இதுவும் கைநழுவிப் போனால், வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"என்னென்ன?"

"லாரி டிரைவர், போட்டோகிராபர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஆஸ்பத்திரி ரிசப்ஷன்..." பட்டியல் நீள நீள, குரல் உள்ளே போனது.

"ஏன் எதுலயும் நிலைக்கலை?"

எல்லா இன்டர்வியூவிலும் அவரைக் கவிழ்த்த கேள்வி. பொய் சொல்லத் தெம்பில்லை.

"சிலதை நானா விட்டேன். சிலதுல அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில வேற கதவைத் தட்டினேன், அவ்வளவுதான்."

அம்மாள் பேனாவை மூடினார். கண் கலங்கியிருந்தது.

"இருபத்தாறு வருஷமா ஒரே கம்பெனியில ஆள் எடுக்கிற வேலை பார்த்தேன் சார். போன வாரம் என்னையே அனுப்பிட்டாங்க. அந்த மறுநாள் காலையை எப்படிச் சமாளிக்கிறதுன்னு தெரியலை. வாசல்ல உங்க 'வாழ்க்கை வழிகாட்டி' போர்டைப் பார்த்துட்டுதான் உள்ள வந்தேன்."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, பழக்கதோஷம்! உங்க நாற்காலியில உக்காந்துட்டேனே!"

போர்டு மாட்டி ஒன்பது நாள் கழித்து வந்த முதல் ஆள். நாற்காலி நுனியில் இருந்தவர் அப்போதுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அங்கேயே இருங்க மேடம். என் அனுபவமெல்லாம் இந்த நாற்காலியிலதான்."