இளைப்பு இருக்கா?

குழந்தை வெளியே வந்து அழுதுவிட்டது. ஆவுடைக்கு இரத்தப்போக்குதான் நிற்கவில்லை. ஒரு கையால் அவள் வயிற்றைப் பிசைந்துகொண்டே, மறு கையில் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நர்ஸ் கேட்டாள்.

"இது கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்திரும். இளைப்பு இருக்கவங்களுக்கு மூச்சையும் அடைச்சிரும். ஒனக்கு இளைப்பு இருக்காம்மா?"

தலைமாட்டில் மாமியார் பிரமு நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று, தன் பெண்ணுக்கு ஒரு நோவும் கிடையாது என்று ஆவுடையின் அம்மா அடித்துச் சொன்னது இவளிடம்தான். "இளைப்புன்னு வாயத் தொறந்த, வாழாவெட்டியா வந்து நிப்ப" என்று அம்மா மகளையும் மிரட்டி அனுப்பியிருந்தாள்.

ஆவுடை இல்லை என்று தலையாட்டினாள். ஊசி தொடையை நோக்கி இறங்கியது. பஞ்சின் ஈரம் தொடையில் பட்டது.

"இருக்கு சிஸ்டர்," என்றாள் பிரமு. "பொய் சொல்லுதா. போட்டுராதீங்க."

நர்ஸ் கை நின்றது. "பிரஷர் சரியாத்தான் இருக்கு, பிரஷர்காரங்களுக்கு ஆகாத அந்த இன்னொரு ஊசியவே எடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அது ஏறிய சற்று நேரத்தில் வயிறு இறுகி, இரத்தம் மட்டுப்பட்டது.

ஆவுடையால் மாமியார் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. "ஒங்களுக்கு எப்ப அத்தை தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாளே. கொழாயத் தொறந்து விட்டுட்டு குளியலறைக்குள்ள மருந்து உறிஞ்சுவியே! தொட்டித் தண்ணியெல்லாம் வீணாப் போச்சு. நீயாச் சொல்லுவேன்னு பாத்தா, சாகக் கெடந்தாலும் சொல்ல மாட்டேங்கியே, கழுத."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சுக்குள் பூனைக்குட்டிபோல் மெல்லிய கீச்சொலியும் எழுந்தது. அவள் அதை அடக்கவில்லை.