நாளைக்கு வா

மூன்றாவது முறையும் அதே எண்தான் வந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஆளுக்கு ஒரு எண். மனம் காரணமில்லாமல் உச்சிக்கு ஏறி, காரணமில்லாமல் பாதாளத்தில் விழுகிற நோய் உள்ளவர்கள் இங்கே ரத்தம் கொடுக்கிறார்கள். அவர்களுடைய மரபணுவில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்து, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஆபத்து பிறவியிலேயே எவ்வளவு வந்திருக்கிறது என்று கணினி கூட்டிச் சொல்லும். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

இதுவரை வந்ததிலேயே பெரிய எண் இதுதான்.

அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களின் ரத்தமும் எங்களிடம் இருக்கிறது. முதல் தடவை இந்த எண்ணைப் பார்த்தபோது அவர்களில் ஒருவர் என்றே நினைத்து, மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

டாக்டர் பூட்டி வைத்திருக்கும் பெயர்களைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். உயிரோடுதான் இருக்கிறாராம். எழுபத்தாறு வயது அம்மா. ஒரு தடவைகூட முயன்றதில்லையாம்.

டியூப் மாறியிருக்கும் என்றார் டாக்டர்.

மாறுவதா, என் கையிலா? டியூபில் அடையாளச் சீட்டு ஒட்டாமல் நான் தும்மக்கூட மாட்டேன்.

அந்த அம்மாவைத் திரும்ப வரவழைத்து எடுத்தோம். அதே எண். அப்போதும் டாக்டருக்கு மனசு ஆறவில்லை. இடது கையில் எடுத்துப் பாருங்கள் என்றார். இவ்வளவு படித்த மனிதர்! வலது கைக்கு ஒரு ரத்தம், இடது கைக்கு ஒரு ரத்தமா? இந்தத் தடவையும் என்மேல் சந்தேகப்பட்டால் வேலையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குக் கிளம்பினேன்.

அந்த அம்மா தையல்காரர். கோபிக்காமல் இடது கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போன கை. என் ஊசிக்கு அது அசையக்கூட இல்லை.

எண்ணை அவரிடம் சொல்லக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“மாத்திரை போட்டாலும் அந்த நெனப்பு வரத்தான் செய்யும் கண்ணு. வந்து கடை வாசல்ல நிக்கும். நான் தையல்காரியாச்சே, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பிடுவேன்.”

நான் தைக்கக் கொடுத்த துணி ஒன்று எங்கள் தெருக் கடையில் மூன்று மாதமாக ‘நாளைக்கு’ என்றே கிடக்கிறது. அந்த எரிச்சலையும் மறந்து சிரித்துவிட்டேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இருபது வயதில் பிடித்த நோய். இந்த எண்ணை உடம்புக்குள் வைத்துக்கொண்டே அளவு எடுத்திருக்கிறார், காஜா போட்டிருக்கிறார், கழுத்து இறக்கம் சரியில்லை என்று வந்தவர்களோடு சண்டை போட்டிருக்கிறார், பேரன் பேத்தி எடுத்திருக்கிறார். ஒரு நாளைத் தள்ளி, அடுத்த நாளைத் தள்ளி, எழுபத்தாறுக்கு வந்து நிற்கிறார். மலையைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் எனக்கு இப்படி ஒரு மலைப்பு வந்ததில்லை.

இப்போது திரையில் இருப்பது அந்த இடது கை ரத்தம். புள்ளிக்குப் பின்னால்கூட ஓர் இலக்கம் மாறவில்லை.

டாக்டர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. திரும்பாமலேயே நறுக்கென்று நாலு வார்த்தை தயார் செய்தேன்.

அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடம் என்பதைத் தவிர வேறு வார்த்தையால் என்னைக் கூப்பிட்டறியாதவர்.

“சத்தியமா சொல்லுங்கக்கா. இது அவங்களோடதுதானா?”

எண்ணைத் தவிர எதையும் நம்பாத அறை அது. அங்கே யாரும் யாரிடமும் சத்தியம் கேட்டதில்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் திரையில் பட்டியலின் உச்சியில் நின்ற அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை ஒரு வரி கீழே இறக்கி, அதற்கு அடுத்த பெரிய எண்ணின்மேல் வைத்தார்.

“இது நான்க்கா” என்றார்.

கண்ணெல்லாம் தண்ணீராக, பரீட்சையில் தேறிவிட்ட பையனைப்போல அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.