ஆஞ்சப்பனின் குரல்

உள்ளே ஆஞ்சப்பன் பேசிக்கொண்டிருந்தான். அவனைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. குரல் மட்டும் சாத்திய கதவைத் தாண்டிக் கணீரென்று வந்தது.

"காத்து இல்ல. மழை விட்டு கொஞ்ச நேரம் ஆவுது. இப்பதான் ஒண்ணொண்ணா கத்த ஆரம்பிக்குதுங்க..."

தொடர்ந்து தவளைகள் கத்தின. வராந்தாவில் நின்ற அதியா கதவருகே நகர்ந்தாள்.

பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு ராயக்கோட்டை மலையடியில் ஆராய்ச்சி ஸ்டேஷனாக ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. தவளைகளின் குரலை, இடத்தையும் நேரத்தையும் தானே சொல்லிக் கேசட்டில் பதிந்து, ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்த ஆஞ்சப்பன், போன மழைக்காலத்தில் குட்டைக்கரையில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அதியாவிடம், அவன் பாதியில் விட்ட ஆராய்ச்சியைக் கொடுத்தார் பேராசிரியர். அவன் உட்கார்ந்த நாற்காலி, அவன் காதில் மாட்டிய ஹெட்போன். எதைத் தொட்டாலும் அவளுக்கு விரல் கூசியது.

சனிக்கிழமை மதியமானால் அவன் அம்மா நாராயணம்மா தக்காளி மண்டியிலிருந்து நேரே வந்துவிடுவாள். ஆஞ்சப்பனின் அறைத்தோழன் சென்னப்பன் அவளை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, டேப் ரிக்கார்டரைப் போடுவான். பாம்பு கடித்த அன்றைக்குக் காய்ச்சலென்று படுத்துக்கொண்டு நண்பனைத் தனியே அனுப்பியவன் அவன். அதன்பின் யாரோடும் பேச்சில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

குரல் மறுபடி கேட்டது.

"ஸ்டேஷனுக்குப் பின்னால குட்டை. புளியமரம் வேரோட சாஞ்சி கெடக்குது. அதும்மேல நின்னுதான் பேசறேன்..."

அதியா கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே வைத்தாள். அந்த மரம் சாய்ந்தது இந்தப் புதன்கிழமைக் காற்றில். மறுநாள் காலை அவளே அதைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். செத்தவன் எப்படி அதன்மேல் நின்றான்?

கதவு திறந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நாராயணம்மா முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். அதியா உள்ளே பாய்ந்தாள்.

"சென்னப்பண்ணா, அந்த மரம் இந்த வாரம்தானே சாஞ்சுது?"

அவன் தலை கவிழ்ந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன, கம்மிய குரல்.

"அவன் கேசட்டெல்லாம் பூசணம் புடிச்சிப்போச்சி. அந்தம்மா வந்து, எம்புள்ள பேசறத ஒருக்கா போடு சாமின்னு நின்னாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. ரூம்ல வெளையாட்டுக்கு அவன மாதிரி பேசிக் காட்டுவேன். அப்படியே பேசி நானே டேப்புல புடிச்சேன்."

"வாராவாரமா?"

"அவன் விழுந்த அதே கரைல நின்னுதான்." சென்னப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "சொல்லிடாத அதியா. தெரிஞ்சா அந்தம்மா உசுர விட்டுடுவாங்க."

பஸ் நிற்கும் இடம்வரை நாராயணம்மாவோடு நடந்தாள் அதியா. சொல்லவும் முடியவில்லை, சும்மா வரவும் முடியவில்லை.

"ஏம்மா, அவரு கொரலக் கேட்டா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்குதா?"

"யாரு கொரல?" நாராயணம்மா நின்றாள். "அது சென்னப்பன் கொரலு கண்ணு. மொத நாளே தெரிஞ்சிபோச்சி."

அதியாவும் நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சுமா வாராவாரம் வர்றீங்க?"

பஸ் வந்துவிட்டது. காலிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்த நாராயணம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நான் வரலன்னா அந்தப் புள்ள யாருகிட்ட பேசும்?"