ஊரைச் சுற்றிய நூல்

ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக் கூடாது, கைக்குழந்தையைக்கூட. ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டு நூல் கட்டிவிட்டால் ஊர் முழுவதும் ஒரே வீடு. இரண்டும் யூதச் சட்டம்தான். புயலில் நூல் அறுந்ததிலிருந்து, பிள்ளை பெற்ற ரிவ்கா ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகவே இல்லை.

“ஆம்பளைங்க கட்டுவாங்க, பொறு,” என்றார் மாமியார்.

“எப்போ அத்தை? இவ கல்யாணத்துக்குள்ளயா?” ரிவ்கா மடியிலிருந்த மகளைக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்குமுன் அவளே ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டாள். மறுநாள் குழந்தையை மார்போடு அணைத்துத் தெரு நடுவே நடந்தாள். மாமியார் பின்னாலேயே வந்தார்.

கடைசிக் கம்பத்துக்கு அப்பால் நின்ற வெளியூர்க்காரர் நூலை அண்ணாந்து பார்த்து, “என்னம்மா இது?” என்றார்.

ரிவ்காவை முந்திக்கொண்டு மாமியார் சொன்னார்: “எங்க வீடு. மருமக கட்டினது. செருப்போடயே உள்ள வாங்க.”