பேர் தெரியாத தோழர்

"மறைக்காம சொல்லுங்க ஐயா. ரத்தம் எடுத்த அன்னிக்கு உங்களுக்குப் பதிலா யாரை அனுப்பினீங்க?"

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணாடி ஆலையில் முப்பது வருஷம் சங்கம் நடத்தியவர். மூன்று முறை சிறைக்குப் போனவர். சங்கம் கலைந்து போயும் தலைவர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள்மாறாட்டம் செய்தார் என்று எந்த முதலாளியும் அவரைச் சொன்னதில்லை.

"டாக்டரம்மா, வார்த்தையை அளந்து பேசுங்க. நான் எதிர்ல நின்னு மோதுறவன். ஏமாத்து வேலை என் சரித்திரத்துலயே கிடையாது."

"அப்போ இது என்ன?" டாக்டரம்மா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

அறுபது தாண்டிய ஆரோக்கியமானவர்களை வைத்து நடக்கும் ஆய்வு அது. உடம்பின் உயிரணுக்களுக்குள் மரபு இழைகள் இருக்கின்றன. அவற்றின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். வயதாக ஆக அந்த நுனி தேயும். ஒரே ஆளின் ரத்தம், தோல், தசை மூன்றிலும் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

"உங்க தோல் ஆம்பளையோடது. தசை ஆம்பளையோடது. ரத்தம் மட்டும் பொம்பளையோடது. எப்படி ஐயா?"

தலைவர் திரையில் தெரிந்த கோடுகளை உற்றுப் பார்த்தார்.

"உங்க பேரை எடுத்துடறேன். இனிமே நீங்க வரவேண்டாம்."

அதுதான் சுருக்கென்று தைத்தது. அவருடையது ஒற்றை அறை வீடு. கடைசியாக அந்தக் கதவைத் தட்டியவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். மாதம் ஒருமுறை இங்கே வந்தால் நர்ஸ், "சாப்பிட்டீங்களா ஐயா? நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்பாள். கேள்வித்தாளில் அச்சடித்திருக்கும் கேள்விதான். இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். பத்து மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

"அம்மா..." அவர் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். பன்னிரண்டு வருஷம் முன்னாடி எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. எலும்பு மஜ்ஜை மாத்தினாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 'இனி நீங்க நோயாளி இல்லை, வராதீங்க'ன்னு அங்கயும் அனுப்பிட்டாங்க. அதான் ஃபாரத்துல ஆரோக்கியம்னு போட்டேன்."

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மஜ்ஜையிலதான் ரத்தம் ஊறுது. குடுத்தவங்களோட மஜ்ஜை உங்க எலும்புக்குள்ள உட்கார்ந்து அவங்க ரத்தத்தையே தயாரிச்சுக்கிட்டிருக்கு. மன்னிச்சுக்குங்க ஐயா, தப்பாப் பேசிட்டேன்."

"பரவாயில்லை. பேச்சுவார்த்தைன்னா அப்படி இப்படி இருக்கும்."

"யார் குடுத்தாங்க?"

அந்தக் கேள்வியில் தலைவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"பேர் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்களாம். எந்த ஆலைத் தொழிலாளியோ! மைக்கைக் குடுத்தா நான் முதல்ல இதைத்தான் பேசுவேன். சொந்தம் பந்தம் எல்லாம் சும்மா. நான் கிடந்தப்போ எவன் எட்டிப் பார்த்தான்? பேர் தெரியாத ஒரு தோழரோட ரத்தம்தான் என் உடம்புல ஓடுது. அதுக்குப் பேர்தான் வர்க்கம்!"

"உங்க தோழரோட ரத்தம் ரொம்பத் தேஞ்சிருக்கு ஐயா. தோலும் தசையும் உங்க வயசுக்குப் பரவாயில்லை. கொஞ்சூண்டு மஜ்ஜை வந்து உங்க உடம்பு மொத்தத்துக்கும் ரத்தம் குடுக்கணும்ல? ஓவர்டைம் பார்த்திருக்கு."

"ஆலை முழுக்க ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வாங்கிக் குடுத்தவன் நான்," என்றார் தலைவர். "அவங்களுக்கு ஒரு கும்பிடுகூடப் போட முடியலையே. எங்கே இருக்காங்களோ."

டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஐயா, யாரோ எவரோ மாதிரி தெரியலையே. ரத்தத்தையும் தசையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த ரெண்டு பேர். உங்களுக்கு அக்கா, தங்கச்சி யாராவது...?"

தலைவர் சட்டைக் கையை ஏற்றி, ரத்தம் எடுத்த இடத்தைப் பார்த்தார்.

ஒரே ஒரு தங்கை. அதே ஆலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தாள். வேலைநிறுத்தத்தின் ஐம்பத்திரண்டாம் நாள் அவர் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனாள். பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை. மஜ்ஜை கொடுக்கக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், "எனக்கு யாருமில்லை" என்றுதான் எழுதிக் கொடுத்தார். அவர் படுத்துக்கிடந்த சேதி மட்டும் ஆலை முழுக்கப் பரவியிருந்தது.

"அவங்க பேர் என்ன ஐயா? சொல்லுங்க, தேடிப் பார்த்து இப்பவே பேசிடலாம்," என்று டாக்டரம்மா போனைக் கையில் எடுத்தார்.

தலைவர் எழுதிக் கொடுக்க மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார். முதல் எழுத்திலேயே பேனா நின்றது.

அந்தப் பேரை அவர் கடைசியாக எழுதியது ஒரு நோட்டீஸில். பசை வாளியோடு போய், அவள் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் தன் கையாலேயே ஒட்டிய நோட்டீஸ் அது. பேருக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: 'கருங்காலி'.